டெனரில் இருக்கும் மெட்டு

வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, விவிலியச் சங்கீதங்களுக்கு அவர் அமைத்த மெட்டுகளைக் கேட்டேன். ஆலயப் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ, சோப்ரானோவுக்கு அடுத்த குரல். நான்கு குரல் எனக்குப் புதிதல்ல. ஆனால் உச்சக்குரலான சோப்ரானோவைத் தொடர்ந்து போனால் மனதில் நிற்கும்படி மெட்டே இல்லை. கோளாறு என் காதிலா, பாடலிலா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டிலும் இல்லை. மெட்டு டெனரில், அதாவது ஆண்களின் உயர்குரலில், இருக்கிறது; நீங்கள் மாடியில் தேடியிருக்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

கேன்டர்பரி பேராயர் மாத்யூ பார்க்கர் சங்கீதங்கள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக்கினார். 1567ஐ ஒட்டி அச்சான அந்நூலுக்கு டாலிஸ் ஒன்பது மெட்டுகள் தந்தார். பழைய தேவாலய இசையின் எட்டு சுரமுறைகளுக்கு (நம் மேளங்களைப் போன்ற சுர வரிசைகள்) எட்டு, கூடுதலாக ஒன்று. மக்கள் தனியாகப் பாடினால் டெனரைப் பாடட்டும், மற்ற குரல்கள் பெரிய பாடகர் குழுக்களுக்கு என்று அந்நூலிலேயே குறிப்பு உண்டு. சோப்ரானோ அங்கே துணைக்குரல்தான்.

எட்டு மெட்டுகளின் குணத்தையும் பார்க்கர் பாட்டாகவே சொல்லிவிடுகிறார். மூன்றாவது சீறுமாம், கரடுமுரடாகக் கத்துமாம். அது அமைந்தது இரண்டாம் சங்கீதத்துக்கு: ‘ஜாதிகள் கொந்தளித்து’ என்று நமக்குத் தெரிந்ததுதான். அதன் சுரமுறை பிரிஜியன்; ஹனுமத்தோடியின் அதே ஏழு சுரங்கள். (உடனே தோடியை எதிர்பார்க்க வேண்டாம். கமகம் இல்லாத தோடி எப்படித் தோடியாகும்?) பார்க்கர் சொன்ன சீற்றம் எனக்குக் கேட்டதில்லை, அடக்கிவைத்த துக்கமே கேட்கிறது. 1910இல் ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் தந்தி வாத்தியங்களுக்காக விரித்தெழுதியது இந்த மெட்டைத்தான்.

மெட்டு டெனரிலிருந்து உச்சக்குரலுக்கு ஏறியது மெதுவாக. 1591இல் வில்லியம் டேமனின் சங்கீத மெட்டுத் தொகுப்பு இரண்டு வகையாக வந்தது: ஒன்றில் மெட்டு டெனரில், மற்றதில் உச்சக்குரலில். ஆனால் 1621இல் தன் தொகுப்பில் ரேவன்ஸ்கிராஃப்ட்டும் டெனரை விடவில்லை. சபையே சேர்ந்து பாட உச்சக்குரல்தான் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெட்டு நடுவில் இருந்தால் மேலும் கீழும் குரல்கள் அதைப் போர்த்திக்கொள்ளும். அந்தக் கதகதப்பு இடம் மாறியதும் போய்விடுகிறது.

எட்டாவதிலிருந்து தொடங்குங்கள். அதில் டெனரும் சோப்ரானோவும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள்; ஒரு குரல் தொடங்கி நான்கு சுரம் பாடிய பிறகு மற்றது அதையே தொடங்கும். ஆர்கனை மூடிவைத்துவிட்டு, முதல் சரணத்தை டெனர்கள் மட்டும் பாடட்டும். இரண்டாவதில் நீங்கள் எல்லோரும் சேர்ந்துகொள்ளுங்கள்.