வாசகர் கேள்வி பதில்: 24 மணித்தியாலத்தில் தீவைச் சுற்றலாமா?

கேள்வி: நாங்கள் ஒன்றாகப் படித்த ஐந்து நண்பர்கள். வரும் சித்திரை விடுமுறையில் ஒரு கே.டி.எச். வானை வாடகைக்கு எடுத்து, கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், அம்பாந்தோட்டை, காலி என்று சுற்றி, 24 மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்து சாதனை படைக்கத் திட்டம். எங்கள் கணக்கில் 1,400 கிலோமீற்றர் வருகிறது. இரண்டு பேரிடம்தான் லைசன்ஸ் இருக்கிறது. புறப்பட முதலே எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. என்னென்ன கஷ்டம் வரும், எப்படிச் சமாளிக்கலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,400ஐ 24 ஆல் பிரித்தால் மணிக்கு 58 கிலோமீற்றர். டீசல், சாப்பாடு, கழிவறை என்று மொத்தம் மூன்று மணித்தியாலம் நின்றால் (ஐந்து பேருக்கு அது குறைவு) மிச்சம் 21 மணித்தியாலம், அப்போது சராசரி 66ஐத் தாண்டுகிறது. ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்று வேக எல்லை இருக்கிற நாட்டில் சராசரி 66 வர வேண்டுமென்றால் வழியில் ஒரு மாடு குறுக்கே வரக்கூடாது, ஒரு ரயில் கடவை மூடக்கூடாது, ஒரு பொலிஸ்காரர் கை காட்டக்கூடாது. அதாவது சட்டத்தை மீறாமல் இது நடக்காது. மீறி ஓடி முடித்தாலும் பிரயோசனமில்லை, பொதுவீதியில் யார் வேகமாகப் போனார் என்ற சாதனைகளைக் கின்னஸ் ஏற்பதில்லை.

அமெரிக்காவில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கடற்கரை வரை இப்படி ஓடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். 2013இல் 28 மணி 50 நிமிடம், 2019இல் 27 மணி 25 நிமிடம். மேலதிக எரிபொருள் தாங்கி பூட்டி, பொலிஸ் ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்து, பெரும்பாலும் பெரிய நெடுஞ்சாலைகளில் ஓடிய ஓட்டம் அது. அங்கேயே அதை ஆபத்து என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் வீதியில் ஆட்களின் வீட்டுப் படலை தாருக்கு நேரே திறக்கிறது.

இன்னொன்று, வரைபடத்தில் வட்டம் போட்டது போல வீதி இல்லை. புத்தளத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் வில்பத்துக் காடு, அதற்குள்ளால் போகும் பாதையை நம்பித் திட்டம் போட வேண்டாம். பொத்துவிலுக்குத் தெற்கே யால, அங்கே கரையோரமாகப் போகவே முடியாது, சியம்பலாண்டுவை, மொனராகலை என்று உள்ளே ஏறி இறங்க வேண்டும். பொத்துவிலிலிருந்து ஏறினால் லகுகலை வரும். யானை நடமாடும் இடம். காலையில் புறப்பட்டால் அந்த இடத்துக்கு இரவில்தான் போய்ச் சேருவீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய கஷ்டம் நித்திரை. 17 மணித்தியாலம் முழித்திருந்தவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரைப் போலத் தடுமாறும் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். 24 மணித்தியாலம் முழித்தால் அது 0.10 அளவு. எங்கள் சட்டம் அனுமதிப்பது 0.08 வரைதான். ஒரு சொட்டுக் குடிக்காமலே குடித்தவனாகிறோம். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே அணைந்துபோகப் பார்க்கும் நேரம். மணிக்கு 70இல் போகும்போது நான்கு செக்கன் கண் செருகினால் வாகனம் கிட்டத்தட்ட 78 மீற்றர் ஓடிவிடும், ஸ்டியரிங்கில் ஆளில்லாமல்.

2012இல் நாங்கள் நான்கு பேர் இப்படித்தான் போனோம். நேரக்கணக்கு வைத்துக்கொண்டு, இரவோடிரவாகப் பொத்துவில் கழிந்து வந்தோம். நான் பின் சீற்றில் அரைத் தூக்கம். என்னை எழுப்பியது ரயர்ச் சத்தம். தாரில் போகும்போது ஒரே மாதிரி உறுமிக்கொண்டிருந்தது திடீரென்று சரளைக் கல்லில் நறநறவென்று மாறியது, கீழே வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல் உருண்டு என் காலில் முட்டியது. எழும்பிப் பார்த்தால் ஓட்டியவனின் நாடி நெஞ்சில் கிடக்கிறது, பக்கத்தில் அவனோடு கதைத்துக்கொண்டு வர வேண்டியவனும் நித்திரை. நான் கத்திய கத்தில் அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வீதியோரத்தில் ஒரு மைல் கல், அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்கவில்லை. விடியும் வரைக்கும் அங்கேயே நின்றோம், ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவன் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது: "அக்கரைப்பற்றிலேயே எனக்குக் கண் சொருகினது மச்சான், நேரம் போகுதே என்றுதான் சொல்லேல்லை."

உங்கள் வாக்குவாதத்துக்கும் இதுதான் வேர் என்று நினைக்கிறேன். நேரத்தை இலக்காக வைத்தால் களைப்பைச் சொல்லுகிறவன் குழப்புகிறவனாகிவிடுகிறான், அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே புறப்பட முதல் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்: ஐந்து பேரில் யார் "நிப்பாட்டு" என்றாலும் வாகனம் நிற்கும், ஏன் என்று கேட்பதில்லை, பிறகு சொல்லிக் காட்டுவதுமில்லை. முன் சீற்றில் இருப்பவர் நித்திரை கொள்ளக்கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கண் கனத்தால் ஒரு கோப்பி குடித்துவிட்டு, நிறுத்திய வாகனத்திலேயே இருபது நிமிடம் படுங்கள், எழும்பும்போது கோப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் அது ஒரு இரவுத் தூக்கத்துக்கு ஈடில்லை.

சாதனை ஆசையை விடச் சொல்லவில்லை. நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தையும் இடத்தையும் பிடியுங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் 1955 செப்டெம்பரில் இரண்டு லாண்ட் ரோவரில் லண்டனிலிருந்து புறப்பட்டு 1956 மார்ச்சில்தான் சிங்கப்பூர் சேர்ந்தார்கள், இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். சுவிட்சர்லாந்துத் தம்பதி எமில், லிலியானா ஷ்மிட் 1984இல் ஒரு லாண்ட் குரூசரில் புறப்பட்டு 7 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறார்கள், அது கின்னஸில் இருக்கிறது. நீங்கள் ஒரே பயணத்தில் 25 மாவட்டங்களையும் தொடுங்களேன். ஏழெட்டு நாள் எடுக்கட்டும். சித்திரை வருடப்பிறப்பு அன்று மட்டும் ஓட வேண்டாம், தெற்கில் சாப்பாட்டுக் கடைகள் அனேகமாகப் பூட்டிக் கிடக்கும்.

கேள்வி: இப்படியான பயணத்தில் காசுச் சண்டை வராமல் என்ன செய்யலாம்?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: புறப்படும் அன்றே எல்லோரும் ஒரே தொகையைப் போட்டு ஒருவரிடம் கொடுங்கள், முடிந்தால் வாகனம் ஓட்டாத ஒருவரிடம். வாடகை வாகனமென்றால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதை முதலே கேட்டு எழுதி வாங்குங்கள். பல இடங்களில் அதற்கு மேல் ஓடினால் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள், நீண்ட பயணத்தில் வாடகையை விட அது கூடிவிடும். யார் யார் ஓட்டினால் காப்புறுதி செல்லும் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நாங்கள் நான்கு பெண்கள் காரில் போகிறோம். போனதற்கு என்ன சான்று வைத்திருக்க வேண்டும்?
- வாசகி, தெகிவளை

பதில்: நல்ல பாதை, தங்கச்சி. வடக்கு முனையில் தொடங்கி, நாட்டிலேயே உயரமான அந்த 49 மீற்றர் வெளிச்சவீட்டின் அடியில் முடிக்கலாம். எங்காவது பதிவு செய்ய விரும்பினால் முதலே விண்ணப்பித்து, அவர்களின் விதிகள் கைக்கு வந்த பிறகு புறப்படுங்கள், முடித்துவிட்டுக் கேட்டால் எடுக்காமல் விடக்கூடும். சாதாரணமாகக் கேட்பது ஜி.பி.எஸ். பதிவு, படம், வீடியோ, சாட்சிகளின் கையெழுத்து, பயணக் குறிப்பு. ஒரு சிஆர் கொப்பி வாங்கிக் கோடு போட்டு, நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் நேரம், மீற்றர் காட்டும் எண், யார் ஓட்டினார் என்பதை அந்த இடத்திலேயே எழுதுங்கள். இரவில் ஹோட்டலில் இருந்து ஞாபகத்தில் எழுதினால் எண்கள் மாறிப்போகும்.