பேலியோவில் எடையும் ட்ரைகிளிசரைடும் குறைந்து, எல்டிஎல் மட்டும் 210 ஆகியிருந்தால் கவலைப்பட வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: வயது 41. ஊர் புளியரை, வேலை புனலூரில். சோறு, புட்டு, மரச்சீனிக் கிழங்கு, பரோட்டா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பேலியோ என்ற மாவுச்சத்து குறைந்த உணவுமுறைப்படி முட்டை, மாட்டிறைச்சி, தேங்காய், வெண்ணெய், பனீர் என்று சாப்பிட்டதில் 14 கிலோ குறைந்தது. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 290இலிருந்து 90க்கு இறங்கியது, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 36இலிருந்து 58க்கு ஏறியது. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ரால் 228இலிருந்து 286 ஆகவும், 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 134இலிருந்து 210 ஆகவும் உயர்ந்துவிட்டன. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதியிருக்கிறார். பேலியோ உணவுக் குழுவில் இருப்பவர்கள், ட்ரைகிளிசரைடுக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் நன்றாக இருப்பதால் மாத்திரை தேவையில்லை என்கிறார்கள். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

நான் மருத்துவன் அல்ல. செங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் எங்களிடம் ரத்தம் கொடுக்க வருகிறார்கள். உங்களுடையதைப் போன்ற ரிப்போர்ட்டுகள் அண்மைக் காலமாக அதிகம் கண்ணில் படுவதால், இதைப் பற்றித் தேடிப் படித்துவந்திருக்கிறேன். என் கருத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் சரி. அதற்காக உங்கள் உணவுமுறை வீண் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது. ஆனால் அந்த நன்மை எல்டிஎல்லின் தீங்கை ஈடு செய்துவிடும் என்று நம்புவதுதான் தவறு.

ரத்தத்தைக் குழாயில் உறையவிட்டுச் சுழற்றி எடுத்தால், சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவான சீரம் நிற்கும். ட்ரைகிளிசரைடு 300ஐ நெருங்கும்போது அந்தச் சீரம் மங்கலாகத் தொடங்கும். 600, 800 என்று போனால் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் காலையில் நேராக வந்து கை நீட்டுகிறவர்களின் குழாய்களில் இந்தக் கலங்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சில மாதங்களில் அது தெளிந்துவிடுகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது, மகிழ்ச்சியடைய வேண்டிய விஷயம்தான். ஆனால் ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்கள் பெரியவை என்பதால்தான் ஒளியைச் சிதறடித்துச் சீரத்தைக் கலங்கலாகக் காட்டுகின்றன. எல்டிஎல் துகள்கள் மிகவும் சிறியவை என்பதால், எல்டிஎல் 300 இருக்கிறவருடைய சீரமும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். உடம்பிலும் அதற்கு எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். இளைத்திருக்கிறோம், சுறுசுறுப்பாக இருக்கிறோம், ஆகவே இதயமும் நலமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றுவது இதனால்தான்.

இப்போது குழுவினர் சொல்லும் விகிதத்துக்கு வருவோம். ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லால் வகுத்தால் முன்பு 8க்கு மேல் இருந்தது, இப்போது 2க்குக் கீழே வந்துவிட்டது. அது உண்மை, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். முன்பு 228இல் 36 போக 192. இப்போது 286இல் 58 போக 228. ரத்தக் குழாயின் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களும் சுமக்கும் கொலஸ்ட்ராலின் அளவு இது, அது கூடியிருக்கிறது. "பெரிய எல்டிஎல் துகள் தீங்கற்றது" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் அபோபி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சுவரில் படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் ஒரே ஓர் அபோபி மூலக்கூறுதான் இருக்கும் என்பதால், அது துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும்.

எல்டிஎல் வெறும் சாட்சியா, குற்றவாளியா என்ற கேள்விக்கு மருத்துவம் பல வழிகளில் விடை கண்டிருக்கிறது. கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருப்பதையும், பிறவியிலேயே அவை குறைந்தவர்களுக்கு இளம் வயதில் மாரடைப்பு வருவது ஏன் என்பதையும் விளக்கியதற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நேர் எதிராக, பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் மாற்றத்தால் பிறந்தது முதல் எல்டிஎல் குறைவாக இருக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், அவர்களுக்கு இதயநோய் 88 விழுக்காடு குறைவாக இருந்தது தெரியவந்தது. மாத்திரையைப் பொறுத்தவரை, 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதயநோய் உள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டேட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 விழுக்காடு குறைந்தது. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்டிஎல் ஏறத்தாழ 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைவது உறுதியானது. ஏற்பி, மரபணு, மருந்து என்று தனித்தனி வழியாக வந்தும் விடை ஒன்றாகவே இருக்கும்போது, ஒரு விகிதத்தைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது.

குழுவினர் பியூர் ஆய்வையும் எடுத்துக்காட்டுவார்கள். அதை வழிநடத்திய இதயநோய் மருத்துவர் சலீம் யூசுப், நாம் மலையிறங்கிக் கொல்லம் போகும் சாலையில் உள்ள கொட்டாரக்கரையில் பிறந்தவர். 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், மாவுச்சத்தை மிக அதிகமாக உண்டவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது. நம் மூன்று வேளைச் சோறு, இட்லி, பரோட்டாவுக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் அதில் மிகக் குறைவாக மாவுச்சத்து உண்ட பிரிவினர்கூடத் தங்கள் கலோரியில் சுமார் 46 விழுக்காட்டை அதிலிருந்தே பெற்றார்கள். நீங்கள் இப்போது உண்ணும் முறையைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. அதே யூசுப் 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்புக்கு மிக வலுவான காரணங்களாகப் புகைப்பழக்கத்தோடு நின்றது அபோபிக்கும் எச்டிஎல்லில் உள்ள அபோஏ1 என்ற புரதத்துக்கும் உள்ள விகிதம்தான். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வருவதையும் அது காட்டியது.

உங்கள் எல்டிஎல் ஏறியதற்கு, மாவுச்சத்தைக் குறைத்ததைவிட, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதே முக்கியக் காரணமாக இருக்கலாம். வெண்ணெய், பனீர், கொழுப்பு மிகுந்த மாட்டிறைச்சி, தேங்காய் எல்லாவற்றிலும் இருப்பது நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்தக் கொழுப்புதான். கொச்சியில் இதயநோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்து ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்று 2016இல் வெளியான ஆய்வை நம் பகுதியில் பலர் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அவர்கள் இதயநோய்க்கான வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருந்து எடுக்காத உங்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது. குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சுவை இல்லாமல் நமக்கு மீன்குழம்பே இல்லை. வெண்ணெயைத் தேநீரில் கலக்கிக் குடிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

ஆகவே பழைய சோற்றுத் தட்டுக்குத் திரும்ப வேண்டாம். கொல்லம் கடற்கரையிலிருந்து நமக்கு வந்து சேரும் சாளை, அயிலை, தோல் நீக்கிய கோழி, நிலக்கடலை, கொண்டைக்கடலை, அவரை, வெண்டை, கீரை, சமையலுக்கு அளவாக நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய் என்று மாற்றிக்கொண்டாலும் மாவுச்சத்து குறைவாகவே இருக்கும். சுண்டலிலும் பயறிலும் உள்ள சிறிதளவு மாவுச்சத்துக்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்; வெண்ணெயின் கணக்கு தெரியாமல் அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும் என்பதால் டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள். அப்பாவின் வரலாறு இருப்பதால் மரபுவழி வரும் எல்டிஎல் போன்ற துகளான லைப்போபுரோட்டீன் ஏ பரிசோதனையும் வாழ்நாளில் ஒரு முறை அவசியம். மாத்திரையை உடனே தொடங்குவதா, உணவை மாற்றிச் சில வாரங்கள் பார்த்துவிட்டுத் தொடங்குவதா என்பதை அவரே சொல்லட்டும். ஆனால் குழுவின் பேச்சைக் கேட்டு நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். உணவை மாற்றிய பிறகும் எல்டிஎல் 190க்குக் கீழே இறங்காவிட்டால், அது குடும்பவழி வரும் கோளாறா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்; முன்பு 134தான் இருந்தது என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவுதான். அது உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அது இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதால், அவர்களையும் அழைத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்துவிடுங்கள்.