பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்கும்போது சுவரில் ஏன் சிமெண்ட் பூசுவதில்லை?

பழைய கட்டடத்தைச் சீர்செய்து இக்கால ஓவியங்களை வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. லண்டனில் 2000-இல் திறந்த டேட் மாடர்ன் கலைக்கூடம், முன்பு மின்நிலையமாக இருந்த கட்டடம்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது, வியர்த்த உடம்பில் மழைக்கோட்டு மாட்டுவது மாதிரி. ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூத்துச் செங்கல் பொடியும். மாட்டிய ஓவியத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் இந்தச் சேதம் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும். (பெயிண்ட் அடித்து மறைப்பதெல்லாம் அடுத்த மழை வரைதான்.)

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் பளபளக்கும் கறுப்புத் தரை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு கலந்து போட்டது என்பார்கள்.

சுண்ணாம்புக்குப் பலமில்லை என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகிக்கொண்டே போகும்.