நாலாம் வசனம்

அன்புள்ள ஐயா,

பதினாறு வருஷம் என் ஜெபத்துணையாக இருந்தவர், அவரிடம் மட்டும் அழுது சொன்ன குடும்ப விஷயத்தைச் சபையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். "என் பிராணசிநேகிதனும், நான் நம்பினவனும், என் அப்பம் புசித்தவனுமாகிய மனுஷனும், என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான்" (சங்கீதம் 41:9) என்று தினமும் வாசித்து அழுகிறேன். மூப்பர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த யூதாஸோடு ஒரே திருவிருந்தில் எப்படிப் பங்கெடுப்பேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுங்கள். 55-ஆம் சங்கீதத்தில் "என் தோழனுமாகிய நீயே அவன்" என்று விம்மிய கையோடு சாபமும் வருகிறது. வேதம் உங்கள் கண்ணீரை அடக்கச் சொல்லவில்லை. யூதாஸ் என்பதை மட்டும் விடுங்கள். முப்பது வெள்ளிக்காசு வாங்கியவனும் வாய் அடங்காதவரும் ஒன்றல்ல.

ஆனால் 41-ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனத்தைத் தினமும் வாசிக்கிறவர் நாலாம் வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறீர்கள்? "உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன், என் ஆத்துமாவைக் குணமாக்கும்." கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது இந்த வரிதான்.

குதிகாலைத் தூக்கியவன் அகித்தோப்பேல் என்பது பழைய விளக்கம். இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது ராஜாவின் ஆலோசனைக்காரன். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோம் பக்கம் போய், பன்னீராயிரம் பேரோடு இன்றிரவே துரத்தி ராஜாவை மாத்திரம் வெட்டுகிறேன் என்றவன் (2 சாமுவேல் 17). அவ்வளவு வன்மம் ஏன்? அதே புத்தகம் 11:3-இல், தாவீது அபகரித்த பத்சேபாள் எலியாமின் மகள். 23:34-இல் அகித்தோப்பேலின் மகன் பெயரும் எலியாம். இருவரும் ஒருவர்தான் என்று வேதம் சொல்லவில்லை. ஒருவரென்றால் பத்சேபாள் அவன் பேத்தி. அதே பட்டியலை இன்னும் ஐந்து வசனம் படியுங்கள். தாவீதின் முப்பத்தேழு வீரரில் கடைசிப் பெயர் பத்சேபாளின் புருஷன் உரியா. தாவீது அவனைத் தன் முன்னே புசித்துக் குடிக்க வைத்தார் (11:13). மறுநாள் காலையில் அவன் சாவுக்கான நிருபத்தை அவன் கையிலேயே கொடுத்து படைத்தலைவன் யோவாபிடம் அனுப்பினார். அப்பம் புசித்தவன் யார், குதிகால் யாருடையது? சங்கீதத்தை முழுதாகப் படித்தால் இது உறைக்கும். இயேசு யோவான் 13:18-இல் இதே வசனத்தைச் சொல்லும்போது "நான் நம்பினவனும்" என்பதை விட்டுவிடுகிறார், கவனித்தீர்களா? அவர் யாரையும் அறியாமல் நம்பி ஏமாந்தவர் அல்ல. தாவீது ஏமாந்தார், ஏமாற்றவும் செய்தார்.

உங்கள்மேல் பழி போடவில்லை. ரகசியத்தை வெளியே விட்டது முழுக்க அவர் தப்பு. ஆனால் மத்தேயு 18:15 முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. கேட்காவிட்டால் ஒருவர் இருவர், அதற்கும் பிறகுதான் சபை. நீங்கள் கடைசிப் படியில் ஆரம்பித்திருக்கிறீர்கள். மூப்பர்கள் காதில் விழுந்தபின் அவர் மனம் திரும்பியா வருவார்? வழக்காடத்தான் வருவார். மூப்பர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு இப்போதாவது தனியே போய்ப் பாருங்கள். எதை, யாரிடம் சொன்னார் என்பதை மட்டும் பேசுங்கள். பதினாறு வருஷக் கணக்கைக் கிளறாதீர்கள். பிறகு யாரையாவது கூட்டிப் போக வேண்டி வந்தால், அவர்கள் சாட்சிகள், உங்கள் கட்சிக்காரர்கள் அல்ல. அவர் மனஸ்தாபப்பட்டால் மன்னியுங்கள் (லூக்கா 17:3). அடுத்த ரகசியத்தையும் அவரிடமே சொல்லும்படி எந்த வசனமும் இல்லை.

திருவிருந்தைப் பற்றி உங்கள் போதகரிடம் கேளுங்கள். லூக்கா 22:21-இல் காட்டிக்கொடுக்கிறவனின் கையும் பந்தியில்தான் இருக்கிறது.

கடிதத்தில் அவர் பெயர், சபை, தெரு எல்லாம் எழுதி அப்படியே வெளியிடச் சொல்லியிருந்தீர்கள். நீக்கிவிட்டேன்.