அம்மா பிரான்சுக்குப் போனா வைத்தியச் செலவை ஆர் கட்டுறது?

கேள்வி: அண்ணா, நாங்கள் லண்டன் ஹாரோவில இருக்கிறம். அம்மாவுக்கு 69 வயசு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இங்கத்தைய ஸ்டேட் பென்ஷனோட கொஞ்சம் பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைஞ்ச வயசானவைக்கு அரசாங்கம் தாற உதவிக்காசு) வருது. சுகர் இருக்கு. இனிப் பாரிஸில தங்கச்சியோட நிரந்தரமா இருக்கப் போறன் எண்டுறா. பிரைவேட் இன்சூரன்ஸ் எடுக்கோணும் எண்டு எல்லாரும் சொல்லுகினம், சுகர் எண்டபடியா கேக்கிற காசு தலை சுத்துது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்த இன்சூரன்ஸுக்கு இப்ப ஒரு சதமும் கட்டாதேங்கோ. முதல்ல எஸ்-1 ஃபோர்முக்கு (வெளிநாட்டில வைத்தியச் செலவை பிரிட்டன் ஏற்கும் எண்டு காட்டுற பத்திரம்) போடுங்கோ. பிரெக்ஸிட்டோட எல்லாம் போச்சு எண்டு கனபேர் நினைக்கினம், ஆனா ஸ்டேட் பென்ஷன் எடுக்கிற ஆக்களுக்கு இந்த உரிமை இன்னும் இருக்கு. பிரான்சில அவவுக்கு வைத்தியம் நடக்கும், செலவை பிரிட்டன் ஏற்கும். என்எச்எஸ் (பிரிட்டன்ர அரச சுகாதார சேவை) பிசினஸ் சேர்விசஸ் அதோரிட்டிதான் அந்த ஃபோர்மைக் குடுக்குது, போற திகதியைச் சொல்லி இப்பவே கேளுங்கோ, ஏனெண்டா போக முதல் இங்கயிருந்து எடுக்கவேண்டிய நீண்டகால விசாவுக்கும் மருத்துவக் காப்பு இருக்கெண்டு காட்டோணும். ஜிஹெச்ஐசி கார்ட் (பயணத்தில வைத்தியத்துக்கு பிரிட்டன் தாற அட்டை) இதுக்கு உதவாது, அது கொஞ்ச நாள் போய் வாற ஆக்களுக்கு.

அங்க போனதும் எஸ்-1, பாஸ்போர்ட், விலாச ஆதாரம், பேங்க் விபரம், பிரெஞ்சில மொழிபெயர்த்த பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாத்தையும் தங்கச்சி இருக்கிற இடத்து சிபிஏஎம்ல (பிரெஞ்சு அரச மருத்துவக் காப்பு ஒஃபிஸ்) குடுத்துப் பதியோணும். ‘கார்ட் விட்டால்’ (Carte Vitale) எண்ட பிரெஞ்சு மருத்துவக் காப்பு அட்டை வாறவரைக்கும் டொக்டர் தாற பேப்பரை எறிஞ்சுபோடாதேங்கோ, அதை அனுப்பித்தான் காசைத் திருப்பி எடுக்கலாம்.

ஆனா என்எச்எஸ் மாதிரி முழுக்க ஃப்ரீ இல்லை. சாதாரண குடும்ப டொக்டரிட்ட போனா 30 யூரோ, அதில 70 வீதத்தில 2 யூரோ கழிச்சு 19 யூரோ திரும்பி வரும். அதுவும் ஒரு டொக்டரை நிரந்தரமாப் பதிஞ்சிருந்தாத்தான், இல்லாட்டி 30 வீதம்தான். மிச்சத்துக்குத்தான் மியூச்சுவல் எண்ட மேலதிக இன்சூரன்ஸ் எடுக்கிறது, பெரும்பாலான மியூச்சுவலில வருத்தத்தைப் பார்த்து விலை ஏத்துறேல்ல, வயசைத்தான் பாப்பினம். அம்மாவின்ர சுகர் பிரான்சின்ர நீண்டகால வருத்த லிஸ்ட்டில இருக்கு, பதிஞ்ச டொக்டர் விண்ணப்பிச்சு ஓகே ஆனா சுகருக்கான வைத்தியத்துக்கு அரச கட்டணப்படி 100 வீதமும் கிடைக்கும், அதால போன கையோட இதைக் கேளுங்கோ.

இன்னொண்டு முக்கியம். அம்மா முந்தி பிரான்சில வேலை செய்தவவோ? எங்கட சனத்தில கனபேர் பிரான்சில இருந்து பிறகு லண்டன் வந்தவை. அங்கத்தைய பென்ஷன் சின்னத் தொகை வந்தாலும் பொறுப்பு பிரான்சுக்குப் போயிடும், எஸ்-1 வராது, அங்கத்தைய உரிமையிலதான் பதியோணும்.

ஸ்டேட் பென்ஷன் அங்கயும் வரும், வருசா வருசம் கூடும் (இலங்கைக்குப் போயிருந்தா கூடாது, போன நேரத்துத் தொகையிலயே நிண்டிடும்). ஆனா பென்ஷன் கிரெடிட் நிண்டிடும், அதை அறிவிக்காம தொடர்ந்து எடுத்தா பிறகு திருப்பிக் கட்டச் சொல்லுவினம். அந்தக் காசு இல்லாம மாசம் ஓடுமோ, மியூச்சுவலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் எண்டு தங்கச்சியோட இருந்து கணக்குப் பார்த்திட்டு டிக்கெட்டைப் போடுங்கோ.