உலைக் கதிர்வீச்சுக் கணக்கு: சில கேள்விகள்

900 டிகிரி உலைச் சுவருக்கு என் கணக்கில் சதுர மீட்டருக்கு 37 கிலோவாட்தான் வருகிறது, சரியா?

தப்பு. செல்சியஸை அப்படியே நாலாம் அடுக்கில் போட்டிருக்கிறீர்கள். 1173 கெல்வின் போட்டால் கரும்பொருளுக்கு, அதாவது விழும் கதிர்வீச்சை எல்லாம் உட்கவரும் பொருளுக்கு, 107 வரும். எத்தனை முறை சொல்வது, கெல்வின்!

கதிர்வீச்சைக் கணக்கிடும் பி-1, ரோஸ்லாண்ட், டிஸ்கிரீட் ஆர்டினேட் (திசை திசையாகப் பிரித்துக் கணக்கிடுவது), இந்த முறைகளில் எது பெஸ்ட்?

உலை எத்தனை மீட்டர், என்ன எரிபொருள், எதையும் எழுதாமல் ‘எது பெஸ்ட்’ என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். முதலில் உட்கவர் குணகத்தை, அதாவது ஒரு மீட்டர் வழியில் வாயு எவ்வளவு கதிர்வீச்சை விழுங்குகிறது என்பதைக் காட்டும் எண்ணை, உலையின் அகலத்தால் பெருக்குங்கள், சாம்பல் துகள் இருந்தால் சிதறலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் ஒளியியல் தடிமன். அரை மீட்டர் கேஸ் உலையில் குணகம் மீட்டருக்கு 0.3 என்றால் தடிமன் 0.15தான், சுடரின் வெப்பம் வழியில் தடையே இல்லாமல் எதிர்ச்சுவரில் போய் விழுகிறது, ஆனால் பி-1 அதை மை ஊறுவதுபோலப் பரப்பிக் காட்டும். அங்கே டிஸ்கிரீட் ஆர்டினேட்தான். பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகல நிலக்கரி பாய்லரில் தடிமன் 1-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும், பி-1 தாராளமாகப் போதும், நேரமும் மிச்சம். ரோஸ்லாண்ட் 3-க்கு மேல், அதுவும் சுவரை விட்டுத் தள்ளி. உருகிய கண்ணாடிக்குப் பொருந்தும், எரிவாயுவுக்கு வேண்டாம். பெருக்கிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் மூன்று நாள் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

டிஸ்கிரீட் ஆர்டினேட்டில் சுவரில் வரிவரியாக வருகிறது. மெஷ்ஷை (கணக்குக் கட்டங்களை) இரட்டித்தும் போகவில்லை.

போகாது. வரி வருவது திசை குறைவால், மெஷ்ஷால் அல்ல. எஸ்-4 என்ற திசைத் தொகுப்பு என்றால் மொத்தமே 24 திசை, எஸ்-8-க்கு 80. திசையைக் கூட்டுங்கள். வானியற்பியலாளர் சந்திரசேகர் இந்த முறையை வளர்த்தது நட்சத்திர வளிமண்டலத்துக்கு, அடுக்கடுக்கான ஒரு பரிமாணக் கணக்கு, அதில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் உலைக்கு மூன்று பரிமாணம்.

ஃபர்னஸ் ஆயிலிலிருந்து கேஸுக்கு மாறினோம். பழைய குணகம் போதுமா?

பார்வைத் துளை வழியாகச் சுடரைப் பாருங்கள். ஆயில் சுடர் மஞ்சளாகக் கண்ணைக் கூசவைக்கும், அது புகைக்கரி. கேஸ் சுடர் நீலம், சில நேரம் பின்னால் இருக்கும் செங்கல்லே தெரியும். கரி எல்லா அலைநீளத்திலும் உமிழும், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சில பட்டைகளில் மட்டும். புதிதாகக் கணக்குப் போடுங்கள், அப்புறம் பெருக்குங்கள்.

காற்று எரிப்புக்கான ‘கிரே கேஸ்’ அட்டவணையை (வாயுக் கலவையின் கதிர்வீச்சுக் குணகங்கள்) ஆக்ஸி-ஃப்யூவலுக்கு, அதாவது காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் எரிப்பதற்கு, போடலாமா?

கூடாது. நைட்ரஜன் போனதும் வாயு விகிதமே மாறிவிட்டது.

மாடலைவிட தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வாயு வெப்பநிலையை 80 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. குணகத்தை மாற்றட்டுமா?

மாடலில் கை வைக்காதீர்கள்! மூடாத தெர்மோகப்பிள் குளிர்ந்த குழாய்களைப் பார்த்து வெப்பத்தை இழக்கிறது, அதனால் வாயுவைவிடக் குறைவாகத்தான் காட்டும். உறிஞ்சு பைரோமீட்டரில், அதாவது வாயுவை மறைப்புக்குள் இழுத்து அளக்கும் கருவியில், அளந்துவிட்டு எழுதுங்கள், உலை அகலத்தையும் சேர்த்து.