அக்கா தம்பியைச் சேர்த்துத் தத்தெடுக்க நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

2018-ல் நானும் கணவரும் ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் ஒரே நாளில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆந்திராவில் ஒரு தத்து மையத்தில் வளர்ந்த அக்கா, தம்பி. அதன்பின் தத்தெடுக்க விரும்பும் குடும்பங்கள் பலரோடு பேசி வருகிறேன். உடன்பிறந்த குழந்தைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து: காராவில் (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) பதிந்து இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறோம். ஒரு குழந்தைக்குப் பதிலாக இருவர் என்று மாற்றினால் சீக்கிரம் கிடைக்குமா அக்கா?

பெரும்பாலும் கிடைக்கும். நீண்ட வரிசை நிற்பது கைக்குழந்தைகளுக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும்தான். இருவராக இருப்பவர்களைக் கேட்டு வருபவர்கள் குறைவு. ஆனால் சீக்கிரம் என்ற ஒரே காரணத்துக்காக மாற்றாதீர்கள். இரண்டு பள்ளிக் கட்டணம், ஒரே இரவில் இரண்டு காய்ச்சல், இதையெல்லாம் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசிவிட்டு மாற்றுங்கள். இன்ன குழந்தைகள் என்று பரிந்துரை வந்தபின் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் குழந்தைகளைப் பற்றிய இரண்டு ஆய்வறிக்கை, இரண்டு மருத்துவ அறிக்கை படிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் போன் எடுக்கக்கூடிய ஒரு குழந்தை மருத்துவரை இப்போதே பார்த்து வையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: என் தம்பியும் அவன் மனைவியும் விபத்தில் போய்விட்டார்கள். அவர்களின் இரண்டு பையன்களும் எங்களிடம்தான் இருக்கிறார்கள். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் பதிந்துவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அம்மா. அந்த வழியில் போகாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், வீட்டில் ஒரு மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. மகளுக்கும் அதே விதி. மூத்தவனைத் தத்தெடுத்த கணமே இளையவனுக்குக் கதவு மூடிவிடும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கும் குடும்பங்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் இது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை, மத வேறுபாடும் இல்லை. நீங்கள் அத்தை என்பதால் 'உறவினர்' என்ற வரையறைக்குள் வருகிறீர்கள். உறவினர் தத்தெடுப்பு என்று காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதியுங்கள். பிறகு உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். குடும்ப அறிக்கை தயாரிப்பது அவர்கள்தான். உறவினருக்கு வயது உச்சவரம்பும் கிடையாது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையைக் கலெக்டரே தருகிறார். எங்களுக்கு நீதிமன்றத்தில் ஆன அலைச்சல் உங்களுக்கு இருக்காது.

பெயர் வேண்டாம் என்றவர்: தெரிந்த நர்ஸ் ஒருவர், பிறந்த இரட்டைக் குழந்தைகள் இருக்கின்றன, பணம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழே உங்கள் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். இது தத்து இல்லை, குழந்தை விற்பனை. வாங்குபவருக்கும் சிறை உண்டு. 2019-ல் ராசிபுரத்தில் இப்படிப் பேரம் பேசிய ஆடியோ வெளியாகி எத்தனை பேர் கைதானார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தாய் குழந்தைகளைக் கொடுக்கத்தான் விரும்புகிறார் என்றால் அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள அரசின் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசமும் உண்டு. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து: வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல், தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பது) இரண்டு குழந்தைகளை எடுத்துவிட்டு, பிறகு அவர்களையே தத்தெடுக்க முடியுமா?

முடியும். ஆனால் அதைக் குறுக்குவழியாக நினைக்க வேண்டாம். 2024-ல் வந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வருஷம் உங்களிடம் வளர்ந்த குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு அது ஐந்து வருஷம். குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியவர் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்திருக்க வேண்டும். பெற்றவர் திரும்பி வந்து வளர்க்கக்கூடிய நிலையில் இருந்தால் குழந்தைகள் அங்கேதான் போக வேண்டும், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தத்தெடுப்பிலும் ஆணை வரும்வரை குழந்தைகள் உங்கள் வீட்டில் இருக்கும் காலத்துக்குத் 'தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு' என்றுதான் பெயர். இரண்டும் வேறு வேறு.

ஈரோட்டிலிருந்து: ஐந்து வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் வந்து மூன்று வாரம் ஆகிறது. தம்பியைக் குளிப்பாட்ட விடமாட்டேன் என்கிறாள். ஊட்டினால் தட்டைப் பிடுங்குகிறாள். என்னை அம்மாவாக ஏற்கவே மாட்டாளோ என்று அழுகையாக வருகிறது.

உங்களுக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் மகள் சாப்பிடவில்லை. தட்டில் இருந்த சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக்கித் தம்பி வாயில் வைத்தாள். அவன் போதும் என்று தலையைத் திருப்பியபின்தான் மீதியைத் தின்றாள். இரவு தலையணையைத் தட்டிப் போடும்போது அடியில் மடித்து வைத்த சப்பாத்தி ஒன்று இருந்தது. அவளுக்கு இல்லை, அவனுக்கு. நாங்கள் பேசியது அவளுக்குப் புரியாது, அவள் தெலுங்கு எங்களுக்குப் புரியாது. 'நீள்ளு' என்றால் தண்ணீர் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எங்களுக்குப் பொதுவாக இருந்த சொல் ஒன்றே ஒன்று. தெலுங்கிலும் அக்கா, அக்காதான்.

அந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் மூன்று வாரப் பழக்கம். தம்பியை இத்தனை நாள் காப்பாற்றியது அவள். நீங்கள் வருவதற்கு முன்பே அவர்கள் ஒரு குடும்பம். நீங்கள் அவன்மேல் கை வைத்தால் தன் வேலை போகிறது, அவனும் போய்விடுவான் என்று பயப்படுகிறாள். அந்த வேலையைப் பறிக்காதீர்கள், அவள் கையிலிருந்து மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். குளியலுக்குச் சொம்பு அவள் கையில், சோப்பு என் கையில். சாப்பாட்டுக்கு அவளிடம், "தம்பிக்கு எது பிடிக்கும், சொல்லு" என்று கேட்பேன். அவள் சொல்வதைத்தான் சமைப்பேன். சப்பாத்தியை எடுத்து எறியவில்லை. மூடியோடு ஒரு டப்பாவில் பிஸ்கட்டும் பொட்டுக்கடலையும் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன், தீரத்தீர நிரப்பினேன். ஏழெட்டு மாதம் கழித்து டப்பா தொடப்படாமலே இருந்தது. ஒரு நாள் மாலை பாதி சாதத்தோடு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ ஊட்டு, நான் வெளயாடப் போறேன்" என்று ஓடினாள். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

அவளுக்கென்று தினமும் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். தம்பி கணவரிடம் இருக்கட்டும், அவள் கண்ணில் படும் தூரத்தில். தலைவாரிப் பின்னல் போடுவது நல்ல வழி. முகத்தைப் பார்க்காமல் இருக்கும்போது பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் தத்து மையத்தினர் பார்க்க வருவார்கள். எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. இந்த அழுகையை அவர்களிடமும் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: மூத்தவள் பழசை மறக்கமாட்டாள், சின்னவனை மட்டும் எடுங்கள் என்கிறார் மாமியார்.

அப்படிப் பிரித்துத் தருவதில்லை. உடன்பிறந்தவர்களை ஒரே உத்தரவில்தான் தத்துக்கு உரியவர்கள் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்கிறது. மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: மூத்தவள் மறக்காமல் இருப்பது நல்லது. தான் எங்கிருந்து வந்தோம் என்று சின்னவன் ஒரு நாள் கேட்கும்போது, வீட்டிலேயே பதில் தெரிந்த ஓர் ஆள் இருப்பாள். பேரையும் மாற்றாதீர்கள்.

சென்னையிலிருந்து: எனக்கு 43 வயது, திருமணம் ஆகவில்லை. அக்கா தம்பி இருவரை எடுக்க முடியுமா?

முடியும். தனியாக வாழும் பெண்ணுக்கு ஆண் குழந்தை, பெண் குழந்தை யாரையும் தத்தெடுக்க அனுமதி உண்டு. குழந்தை இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் உங்களுக்கு வயது வரம்பு 40, இரண்டிலிருந்து நான்கு வரை 45, நான்கிலிருந்து எட்டு வரை 50. ஆகவே இருவரும் இரண்டு வயது தாண்டியிருந்தால் வயது தடையில்லை. பதியும் நாளின் வயதுதான் கணக்கு, எனவே தள்ளிப்போடாதீர்கள். தனியாக வாழும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க அனுமதி இல்லை.

மதுரையிலிருந்து: அடுத்த வாரம் வீட்டாய்வுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கென்று தனித்தனி அறை, இரண்டு கட்டில் ஏற்பாடு செய்துவிட்டோம். வேறு என்ன வேண்டும்?

சமூகப் பணியாளர் பார்க்க வருவது கட்டிலை அல்ல. உங்கள் இருவருக்குள் பேச்சு எப்படி இருக்கிறது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், நீங்கள் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுவார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

தனி அறை இப்போதைக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகள் முதல் வருஷம் முழுக்கக் கையைக் கோத்துக்கொண்டுதான் தூங்கினார்கள். ஒரு கட்டிலைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அகலமான கோரைப்பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள், நீங்கள் இருவரும் படுக்கும் அறையிலேயே.